எழுபது கிலோமீட்டர், ஆறு நாள்

உலகத்தில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவில் எழுபது கிலோமீட்டர் தூரம் இருந்தால், அங்கே ஒரு பஸ் கட்டாயம் ஓடும் என்று நான் நம்பியிருந்தேன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பால்கேன் ஏற்றுவதற்காவது ஓடுமா இல்லையா? இந்த நம்பிக்கையைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கனடா நாட்டின் வட உச்சிக்குப் போய் இறங்கினேன்.

என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபத்தாறு வருஷமாக திருநெல்வேலியில் பஸ் நிலையத்து டைம் கீப்பர் உத்தியோகம். யாராவது கிலோமீட்டர் என்று சொன்னால் என் மண்டைக்குள் அது நிமிஷமாகத்தான் விழும். சேரன்மகாதேவி என்றால் நாற்பத்தைந்து நிமிஷம். வழியில் டிரைவர் டீ குடித்தால் ஐம்பது. எழுபது கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம், ஒரு தூக்கம், ஒரு பாக்கெட் கடலை. இதற்குமேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் தங்கை செண்பகம் அங்கே நர்ஸ். மரம் என்ற ஒன்றே முளைக்காத ஊர். கடைசிப் பெரிய விமான நிலையம் உள்ள ஊருக்கும் அவள் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று செல்போனில் தட்டிப் பார்த்தேன். ‘ஆகாய வழித் தூரம் எழுபது கிலோமீட்டர்’ என்று வந்தது. எழுபதைப் பார்த்தேன், ஆகாயத்தைப் பார்க்கவில்லை. உடனே அவளுக்கு போன் போட்டேன்.

“அங்கன எறங்கி ஒரு பஸ்ஸப் பிடிச்சு மத்தியானத்துக்கு வந்துருதேன். தேங்காப்பால் ஊத்தி சொதி வச்சுரு.”

அந்தப் பக்கம் அவள் வெகுநேரம் சிரித்தாள். அண்ணன் வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு ஊர்ப் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. நான் உச்சரித்ததைக் கேட்டு அங்கே ஒரு கடைக்காரம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுத்தில் வேறு அவமானப்பட வேண்டாம். நான் இறங்கிய ஊர் மேலூர், தங்கை ஊர் கீழூர் என்று வைத்துக்கொள்வோம்.

போன காரியம் காதுகுத்து. செண்பகத்தின் மகள் வடிவு, எங்கள் அம்மா பெயர். எங்கள் வீட்டில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம் நடக்கும்போது குத்த வேண்டும். ஏழும் ஒன்பதும் எனக்கு விசா வராததிலேயே போய்விட்டன. பதினொன்றாம் மாதம் நான் போய் இறங்கும் வாரத்து வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆழ்வார்குறிச்சி ஜோசியர் அண்ணாச்சி வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் மூன்றாம் வயதுதான். மூன்றாம் வயதில் நான் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வரப்போகிறேனா?

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. செண்பகத்தின் கல்யாணத்தில் பொண்ணுக்கு அண்ணன் பொரி போட வேண்டிய நேரத்தில், அண்ணன் வண்ணார்பேட்டையில் ஒரு லாரிக்கும் ஒரு மாட்டு வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். மண்டபத்துக்குள் நான் ஓடிப் போய் நுழைந்தபோது சித்தப்பா மகன் பொரியைப் போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். “ஊருக்கெல்லாம் டைம் எழுதுதவன், சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டு” என்று எட்டு வருஷமாக எல்லாரும் சொல்லிவிட்டார்கள். செண்பகம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் உறுத்தல்.

ஆகவே வியாழக்கிழமைக் காரியத்துக்குத் திங்கட்கிழமையே மேலூரில் இறங்கிவிட்டேன். எழுபது கிலோமீட்டருக்கு மூன்று நாள் கையிருப்பு! என் சர்வீஸிலேயே இவ்வளவு முன்ஜாக்கிரதையாக நான் எதையும் செய்ததில்லை.

மேலூர் விமான நிலையம் என்பது ஒரு கூடம், ஒரு தராசு, ஒரு டீ ஃபிளாஸ்க், அப்புறம் எலிசாபி. எலிசாபி அந்த மண்ணின் இனுயிட் ஜனங்களில் ஒருத்தி. என் வயசு இருக்கும். அவள்தான் டிக்கெட் பார்க்கிறாள், ரேடியோவில் பேசுகிறாள், பெட்டிகளை வண்டியில் ஏற்றி அவளே ஓட்டிக்கொண்டும் போகிறாள். அவளும் அங்கே மற்றவர்களும் என்னிடம் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் விழுந்தது என்னவோ நெல்லைத் தமிழ். விழுந்தபடியே எழுதுகிறேன்.

“கீழூர் பஸ் எங்கன நிக்கும்?” என்று கேட்டேன்.

எலிசாபி பேனாவைக் கீழே வைத்தாள். “ரோடு இருக்கு அண்ணாச்சி. ஊருக்குள்ள இருந்து குப்பைக் கெடங்கு வரைக்கும் போகும். அங்கனயே முடிஞ்சுரும்.”

“அதுக்கு அப்புறம்?”

“கடலு.”

பனிக்காலத்தில் கடல் உறைந்து கிடக்கும்போது அதன் மேலேயே பனிவண்டியில் போவார்களாம். கோடையில் படகு. இது ஜூன். பனி பாதி உருகி, வண்டியையும் தாங்காது, படகுக்கும் வழி விடாது. ஆகாயம் ஒன்றுதான் பாதை. அந்தச் சொல்லைச் செல்போன் அப்போதே சொல்லியிருந்தது.

சரி, விமானம். இருபதே நிமிஷம் என்றார்கள். ஒன்பது பேர் உட்காரும் சின்ன விமானம், நம் ஷேர் வேனுக்கு இறக்கை வைத்த மாதிரி. எடை முக்கியம் என்று பெட்டியை நிறுத்தார்கள், பிறகு ஆளையும் நிறுத்தார்கள். தராசு தொண்ணூற்று நாலு காட்டியது. “கோட்டோட சேத்து” என்றேன். எலிசாபி கோட்டைக் கழற்றச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று.

பெட்டிகள் ஏறின. என் பெட்டியில்தான் சீர் முழுக்க இருந்தது. வடிவுக்குத் தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, கொலுசு, காதுகுத்துக்கு நான் உடுக்கப் பட்டு வேட்டி, இரண்டு கிலோ அல்வா. நானும் ஏறப் போகும் சமயத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. கீழூருக்குத் திரும்புகிற நோயாளி, காலில் பெரிய கட்டு. ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு இருக்கைகளைக் கழற்ற வேண்டும். கடைசியாக வந்த இரண்டு பேர் நின்றுகொள்ள வேண்டும். ஒருவர் யோனா என்ற வேட்டைக்காரர். இன்னொருவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

“பெட்டி?” என்று கத்தினேன்.

“பெட்டி போகும். நீரு நாளைக்கு வாரும்” என்றாள் எலிசாபி.

மாமன் நிற்க, மாமன் சீர் மட்டும் ஜம்மென்று பறந்து போனது. ஓடுபாதை ஓரம் நின்று அதற்குக் கையசைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

யோனா என்னைத் தன் தங்கை மேரி வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் கேட்கவும் இல்லை, நான் சரி என்று சொல்லவும் இல்லை. தோளில் தட்டி “நடவே” என்றார், நடந்தேன். மேரி உறைந்த மீனை அப்படியே சீவித் தட்டில் வைத்தாள். நான் சைவம் என்பதை எப்படி விளக்குவது? கையைக் காட்டி, வயிற்றைக் காட்டி, நெற்றியில் விபூதியைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு உலர்ந்த மீனைக் கொண்டு வந்தாள். கடைசியில் ரொட்டி மாதிரி ஒன்றை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. நம் இனிப்பு அப்பத்தில் இனிப்பை மட்டும் மறந்துவிட்டது போல ஒரு ருசி. ஏழு தின்றேன். அடுத்த நிறுவையை நினைத்துத்தான் எட்டாவதைத் திருப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கீழூரில் பனிமூட்டம். மேலூரில் சூரியன் பளபளவென்று நிற்கிறது. அது அங்கே மறைவதே இல்லை, செக்குமாடு மாதிரி வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சூரியன் மறையாத ஊரில் ராகு காலத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று கொஞ்ச நேரம் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பகலை எட்டாகப் பங்கு போட வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் பகல் என்றால் ராகு காலமே மூன்று மணி நேரம்! பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு எலிசாபியிடம் போனேன்.

“எப்ப வரும்?”

“வரும்.”

“எத்தனை மணிக்கு?”

“வந்த உடனே சொல்லுதேன்.”

எனக்குச் சுரீர் என்றது. இதே பதிலை இருபத்தாறு வருஷமாக நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! பாபநாசம் வண்டிக்காகக் கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளிடம், தலையைக்கூட நிமிர்த்தாமல், “வரும்.” அவர்கள் எல்லாரும் அன்றைக்கு என்னை என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரிந்தது. நான் எலிசாபியை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நானும் உங்க உத்தியோகந்தான்” என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள். “அப்படின்னா உமக்குத் தெரியுமே, எங்கிட்ட எதுக்குக் கேக்கீரு?”

புதன்கிழமை கிளம்பினோம்! தராசு தொண்ணூற்று ஐந்து காட்டியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விமானம் ஏறி, வெள்ளைக் கடலில் நீல விரிசல்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். சாத்தூர் பக்கம் கரிசல் காடு வெடித்துக் கிடப்பதை யாரோ சுண்ணாம்பில் வரைந்த மாதிரி இருந்தது. இருபதாவது நிமிஷம் கீழூர் வந்தது. வந்தது என்று விமானி சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு பெரிய பஞ்சுப் பொதி. அதற்குள்தான் என் தங்கை, மாப்பிள்ளை, வடிவு, சொதி, என் பெட்டி எல்லாம் இருந்தன. மூன்று தடவை சுற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் இறங்குவது போல ஒரு குனிவு, பிறகு ஒரு எழும்பல். நான் முருகனில் தொடங்கி வழியில் ஞாபகம் வந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். யோனா என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி மேலூரிலேயே இறங்கினோம். நூற்று நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறேன், கிளம்பிய இடத்திலேயே நிற்கிறேன். அந்நேரம் பார்த்து ஊரிலிருந்து சுடலைமுத்து போன். அவனும் டைம் கீப்பர், என் சீட்டை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

“ஏலே, எங்கன நிக்க?”

“மேலூர் ஏர்போர்ட்ல.”

“முந்தாநேத்தும் அங்கனதானலே நின்ன?”

“இன்னைக்குப் பறந்துட்டுத் திரும்பி வந்து நிக்கேன்.”

“அப்பம் வண்டி போய்ச் சேரல, டிரிப் கட்டுன்னு எழுதிக்கிடவா?”

பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம். என்னை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், படுபாவி.

வியாழக்கிழமை விடிந்தது என்று சொல்ல முடியாது, இருட்டினால்தானே விடியும். எலிசாபி ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கீழூரில் அதே மூட்டம், மாலை வரை எதுவும் பறக்காது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பனிவண்டி வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஒரு கல்லைப் பனிமேல் எறிந்து காட்டினார். கல் ‘தொபக்’ என்று உள்ளே போய்விட்டது. “நீரு அதைவிடக் கனம்” என்றார். நடந்தே போனால் எத்தனை நாள் என்று யோனாவிடம் கேட்டேன். வழியில் வெள்ளைக் கரடிக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் இருக்காது என்றார்.

மேரி என்னை உட்கார வைத்து, என்னதான் அப்படி அவசரம் என்று கேட்டாள். ஒரு தலையணையை மடியில் வைத்து, ஊசியைக் காதுப் பக்கம் கொண்டு போய், தலையணையை ‘ங்கா’ என்று அழ வைத்து நடித்துக் காட்டினேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இதை மொதல்லயே சொல்லப்படாதா?” என்றாள் மேரி. “கீழூர்ல ஒரு பையன். அவன் பொறந்தப்ப மொதச் சட்டை போட்டுவிட்டது நான். எங்க வழக்கத்துல அவன் பிடிக்கிற மொத மீனு எனக்குத்தான் வரணும். அதை வாங்கத்தான் அண்ணனை அனுப்புதேன். அவரு போற வரைக்கும் மீனை வச்சிருப்பான்.”

“மீனு ஐஸ்ல இருக்கும்” என்றேன். “முகூர்த்தம் இருக்காதே.”

மேரி இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்தாள்.

பத்து மணிக்கு செண்பகத்துக்கு போன் போட்டேன். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். இரண்டு வேடிக்கை சொல்லித் தொடங்கலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை.

“செண்பகம், எனக்காகப் பாத்துட்டு இருக்காத. நல்ல நேரத்தை விட்டுராத. பெட்டியில என் பட்டு வேட்டி இருக்கு. அதை நாலா மடிச்சுப் போட்டு, அது மேல பிள்ளைய உக்காத்தி குத்திரு. அது மாமன் மடின்னு வச்சுக்கிடு.”

கீழூரில் யாரோ குழந்தையிடம் கிலுகிலுப்பை ஆட்டுவது மட்டும் கேட்டது.

“சரிண்ணே” என்றாள். “நீ பதறாத. பைய வா.”

போனை வைத்துவிட்டு எலிசாபியின் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. பொரியும் போச்சு, மடியும் போச்சு. எலிசாபி ஒரு டீயைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். பயணிகளுக்கு இப்படி ஒரு டீ நான் என்றைக்காவது வாங்கிக் கொடுத்திருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மூட்டம் இல்லை, காற்று. சரளைக்கல் ஓடுபாதையில் புழுதி எழும்பி, ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி சுழன்றது. இனி எதற்கு அவசரம் என்று ஆகிவிட்டதால் நான் யோனாவுக்குச் சமமாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. தொண்ணூற்று ஆறு கிலோ. எலிசாபி எழுதிக்கொண்டே, “டைம் கீப்பரே, இன்னைக்கு உறுதி” என்றாள். அந்தச் சொல்லை எங்கள் உத்தியோகத்தில் யாரும் லேசில் வாயில் விடமாட்டார்கள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பத்தொன்பதாவது நிமிஷம் சக்கரம் கீழூர்ச் சரளையில் பட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் செண்பகம் நின்றாள். அந்த ஊர்ப் பெண்கள் போடும் பெரிய தொப்பி வைத்த அங்கி போட்டிருந்தாள். முதுகுப் பக்கத்துத் தொப்பிக்குள்ளிருந்து கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

“வாரும் டைம் கீப்பரே” என்றாள் தங்கை. “சொதி வச்சு ஆறு நாளாச்சு.”

நான் வருத்தம் சொல்ல ஆரம்பித்தேன். மேலூர், ஸ்ட்ரெச்சர், மூட்டம், கல் எறிந்தது எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியமாக வந்தது. அவள் அதைக் காதில் வாங்காமல் பிள்ளையை எடுத்து என் கையில் கொடுத்தாள். குல்லாயைக் கழற்றினாள்.

இடது காதில் நான் வாங்கிய தோடு மின்னியது. வலது காது வெறுமனே இருந்தது.

“என்னம்மா இது?”

“வேட்டி மேல உக்காத்தி ஒண்ணு குத்தியாச்சு, அது முகூர்த்தத்துக்கு. இது உனக்கு.”

“பதினோராம் மாசம் நேத்தோட முடிஞ்சிருச்சேம்மா. கணக்கு தப்பாதா?”

“பஸ்ஸு கெளம்புன நேரத்தைத்தான எழுதுவிய? போய்ச் சேர நேரமாயிருச்சுன்னா டிரிப் இல்லன்னு ஆயிருமா?”

என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். “உங்க தங்கச்சி ரெண்டு நாளா அந்தக் காதை யாரையும் தொட விடல அத்தான்” என்றார்.

வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காது குத்த வந்தவள் அடுத்த வீட்டு அன்னா. சீல் தோலில் பூட்ஸ் தைக்கிறவள், அந்த ஊரில் காது குத்திய பெண்களில் பாதிப் பேருக்கு அவள் கைதான். மாப்பிள்ளை கற்பூரம் கொளுத்த, புகை வந்தால் அலறும் பெட்டி ஒன்று கூரையில் அலற ஆரம்பித்தது. அதை நிறுத்த அவர் நாற்காலி மேல் ஏறினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எல்லாம் நடந்தது.

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, வடிவுக்கு வலது காது குத்தினார்கள். அவள் என் மடியில் இருந்தாள்.